முப்பத்தொன்றாம் உருப்படி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இலக்கிய தாகம் எல்லாம் இல்லை. எழுதுகிறேன் என்று மாடியில் உட்கார்ந்துவிட்டால், கீழே ஷெட்டில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்க யாரும் கூப்பிட மாட்டார்கள்.

திங்கட்கிழமை காலை அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் ஜன்னல் வழியாகப் புகை வந்தது. நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். எட்டிப் பார்த்தேன். நெருப்பைக் காணோம், புகை மட்டும் நன்றாக வந்துகொண்டிருந்தது. சரி, இதில் ஒரு கதை இருக்கிறது என்று மேசைக்குத் திரும்பினேன்.

மேசையைப் பற்றி ஒரு வார்த்தை. சிவப்பு மை பேனா ஐந்து, மூடி இல்லாதது இரண்டு. பாதியில் நின்றுபோன என் கதைகளைச் சுருட்டிக் கட்டி வைத்திருக்கும் ஒரு செம்புப் பட்டை. பின்னல் வேலைப்பாடு, ஒரு முழ நீளம், இரு முனையிலும் வளையம், அவற்றைச் சேர்த்துப் பிடிக்க ஒரு போல்ட்டும் நட்டும். பார்க்க அம்சமாக இருக்கும். எழுத்தாளன் மேசைக்கு இப்படி ஏதாவது ஒன்று வேண்டும்.

இப்போது தொடக்கம்.

அந்தக் கார் ஒரு காலத்தில்

(வேண்டாம். ‘ஒரு காலத்தில்’ என்று கிளம்பும் கார் கதைகள் எல்லாம் கண்ணீரில்தான் போய் நிற்கும். இது சிரிக்க வேண்டிய கதை.)

எஞ்சின் ஒரு காருக்கு இதயம் என்றால், கியர்பாக்ஸ்

(அடித்தாயிற்று. கீழே இருப்பவள் படித்தால், “கியர்பாக்ஸ் என்ன, கல்லீரலா?” என்று கேட்பாள். எனக்குப் பதில் தெரியாது.)

2

மெக்கானிக்குக் கெடு வெள்ளிக்கிழமை காலை பத்து மணி.

[பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.]

அன்றைக்கு அந்தத் தந்த நிறக் கார் தானாகக் கிளம்பி, தகுதிச் சோதனை நிலையத்துக்குப் போய், ஆய்வாளர் கண் முன்னால் முன்னேயும் பின்னேயும் ஓடிக் காட்ட வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை அவகாசம் கேட்டு வாங்கியாயிற்று. இதுதான் கடைசி. தவறினால் பதிவு ரத்து, ஐம்பத்திரண்டு வயதுக் கார் பழைய இரும்புக் கணக்கில் சேர்ந்துவிடும். மெக்கானிக் பத்தொன்பது வருடம் அடுத்தவர் பட்டறையில் உழைத்துவிட்டு, ஆறு மாதம் முன்புதான் வீட்டுக்குப் பின்னால் சொந்த ஷெட் போட்டவள். எஞ்சினோடு கியர்பாக்ஸையும் சேர்த்து அவள் தன் பொறுப்பில் மாற்றிய முதல் வண்டி இது. அவளுடைய சொந்த வண்டியும்கூட. இது ஓடாவிட்டால் வேறு எவன் தன் வண்டியைக் கொண்டுவந்து விடுவான்?

அவளுக்குக் கூட்டாளி ஒயரிங் தம்பி. தம்பி என்பது முறைக்குத்தான். வயது நாற்பத்தாறு, கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருப்பவர். பன்னிரண்டு வருடமாக அவள் கை வைக்கும் வண்டிகளுக்கெல்லாம் ஒயரிங் அவர்தான். இவர்களைத் தவிர மெக்கானிக்கின் கணவர். பதிப்பகம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே மெய்ப்புத் திருத்துபவர்.*

* அடிக்குறிப்பு: கணவர் நான் அல்ல. அவரும் கண்ணாடி போட்டவர், அவரும் இந்த வீட்டு மாடியில்தான் இருக்கிறார். அதற்கு மேல் எந்த ஒற்றுமையும் இல்லை.

பழைய எஞ்சினைக் கழற்றும்போது மெக்கானிக் ஒவ்வொரு பாகத்தையும் சொல்லச் சொல்ல, கணவர் பிளாஸ்டிக் பையில் போட்டு எண் ஒட்டினார். மொத்தம் நாற்பத்து மூன்று பைகள். அவள் தன் கைப்பட எழுதிய பட்டியல் எண்ணெயில் ஊறி அப்பளமாகிவிட்டதால், கணவரே அதை அழகாகப் படியெடுத்தார். வேறொரு காரின் எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் இறங்கி உட்கார்ந்த பிறகு, அந்தப் புதுப் பட்டியலைப் பார்த்துத்தான் எல்லாம் பூட்டப்பட்டன. அவர் படிப்பார், அவள் காருக்கு அடியிலிருந்து, “போட்டாச்சு!” என்பாள், அவர் சிவப்பில் டிக் அடிப்பார். நாற்பத்திரண்டு உருப்படி, நாற்பத்திரண்டு டிக்.

[மேலே நாற்பத்து மூன்று, இங்கே நாற்பத்திரண்டு. எண்ணிக்கை இடிக்கிறது. அடுத்த படியில் சரிபார்க்க.]

திங்கட்கிழமை சாவியைத் திருப்பினாள். புது ஸ்டார்ட்டர் மோட்டார், “ம்ம்... ம்ம்...” என்று முனகியது. எஞ்சின் அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. அடுத்த முயற்சியில் சோக் கம்பி, அதாவது குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப டாஷ்போர்டிலிருந்து இழுத்துவிடும் அந்தக் கம்பி, உறையோடு சேர்ந்து புகைய ஆரம்பித்தது. நான் பார்த்த புகை அதுதான்.

3

கதை இங்கே கொஞ்சம் நிற்கட்டும். எனக்கு ஒரு சந்தேகம்.

மெக்கானிக் சரியாக வந்திருக்கிறாள். கோபம் வந்தால் ஸ்பானரைத் தூக்கி எறிய மாட்டாள், துடைத்து வைப்பாள். அதைப் பார்த்ததும் நான், அதாவது கணவர், மாடிக்கு நழுவிவிடுவார். ஒயரிங் தம்பியும் சரிதான். ஆனால் இந்தக் கணவர் இருக்கிறாரே, படிக்கப் படிக்க எனக்கு இவர் மேல் நம்பிக்கை குறைகிறது. மூன்றாவது படியில் இவரைப் பற்றி நான் எழுதியிருந்தது இதோ:

‘பொறுமைசாலி. ஒழுங்கின் உருவம். மனைவியின் தொழிலை மதித்து, நேரத்துக்குத் தேநீர் போட்டுக் கொடுத்து, ஒரு புள்ளி பிசகாமல்’

இப்படி ஒரு ஆளை நீங்கள் பார்த்ததுண்டா? குற்றம் குறை இல்லாத பாத்திரம் கதைக்குள் வந்தால் அவனைத்தான் முதலில் சோதனை போட வேண்டும். இது நான் கண்டுபிடித்ததல்ல, மெக்கானிக் சொல்வது. “எல்லாரும் எது நல்லா இருக்குன்னு சொல்றாங்களோ, அதைத்தான் யாரும் தொட்டே பாத்திருக்க மாட்டாங்க.” பத்தொன்பது வருட அனுபவத்தில் அவள் கற்ற பாடம் இது. அதை இந்த வாரம் அவளே மறந்தாள்.

செவ்வாய்க்கிழமை அவள் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் பார்த்தாள். புதுக் கியர்பாக்ஸின் தண்டு எஞ்சினோடு இறுகிப் பிடித்திருக்குமோ என்று கிளட்சை மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தாள். அதே முனகல். பெரிய ஸ்பானர் போட்டுக் கையால் எஞ்சினைச் சுற்றினாள். வெண்ணெயாகச் சுற்றியது. புது பேட்டரி வைத்தாள், புது சோக் கம்பி போட்டாள். சாவியைத் திருப்பினாள். இந்த முறை சோக்கோடு ஆக்ஸிலேட்டர் கம்பியும் சேர்ந்து புகைந்தது.

“முன்னேற்றம்தான்,” என்றார் கணவர்.

அவள் ஸ்பானரைத் துடைத்து வைத்தாள்.

4

புதன்கிழமை சண்டை. இதை நான் மிகைப்படுத்தாமல் எழுத வேண்டும். எழுதிப் பார்க்கிறேன்.

“புது ஒயரிங் யாரு போட்டது?” என்றாள் மெக்கானிக்.

“நான்தான்க்கா.”

“அதுக்கு முன்னாடி வண்டி புகைஞ்சுதா?”

“அதுக்கு முன்னாடி வண்டியில எஞ்சினே இல்லையேக்கா.”

கணவர் சிரித்துவிட்டார். சிரித்திருக்கக் கூடாது.

தம்பி கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் தன் சோதனை விளக்கை பானெட்டில் மாட்டிவிட்டு நிதானமாகச் சொன்னார்: “ஹெட்லைட்டைப் பாருங்க. ஸ்டார்ட்டர் இந்த முனகு முனகுது, லைட்டு துளியாச்சும் மங்குதா? அப்ப பேட்டரியில குத்தமில்ல. உள்ள போன கரண்ட்டுக்குத் திரும்பி வர வழியில்ல. எர்த்தைப் பாருங்க.”

“எர்த் பட்டை லிஸ்ட்ல இருக்கு. ஒன்பதாம் நம்பர், டிக் அடிச்சிருக்கு. அதோ பேட்டரிகிட்ட கண்ணு முன்னாடி தெரியுது பாரு.”

“கரண்ட்டு எப்படியும் வீட்டுக்குத் திரும்பியே தீரும்க்கா. வாசக்கதவைப் பூட்டினா ஜன்னலேறிக் குதிச்சு வரும். இப்ப சோக் கம்பி வழியா வருது. நாளைக்கு வேற எது வழியா வருமோ.”

“எனக்கே பாடம் எடுக்கறியா?”

“பாடமில்லக்கா, ஒருக்கா அடியில படுத்துப் பாத்துட்டா—”

இந்த இடத்தில்தான் கணவர் வாயைத் திறந்தார். “லிஸ்ட்டை நானே மூணு தடவை மெய்ப்புப் பாத்திருக்கேன் தம்பி. அதுல தப்பு வராது.”

[இந்த வரியை எடுத்துவிடலாமா என்று நாலு தடவை யோசித்தேன். இருக்கட்டும்.]

மெக்கானிக் கணவரைப் பார்த்தாள், பட்டியலைப் பார்த்தாள், கருகிய கம்பியைப் பார்த்தாள். கெடுவுக்கு இன்னும் இரண்டு நாள். “பன்னெண்டு வருஷமா உன் வேலையை நான் திருப்பிப் பாத்ததே இல்ல. பாத்திருக்கணும். இனிமே இந்த ஷெட் பக்கம் வராத.”

தம்பி கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சோதனை விளக்கு பானெட்டிலேயே தொங்கியது. அவள் அதைத் தொடவுமில்லை, எடுத்து வைக்கவுமில்லை.

5

இன்று வியாழக்கிழமை. மணி இரண்டு.

கதைக்கு நம்பகத்தன்மை வேண்டும் என்று அந்தப் பட்டியலை அப்படியே இங்கே சேர்க்க நினைத்தேன். வாசகர்களுக்கு இப்படிப்பட்ட விவரம் என்றால் உயிர். படியெடுத்த பட்டியல் கீழே ஷெட்டில் இருக்கிறது. ஆனால் எண்ணெய் ஊறிய மூலப்பிரதி என்னிடமே இருந்தது. எந்தக் கைப்பிரதியையும் நான் தூக்கி எறிவதில்லை. மெக்கானிக்கின் கையெழுத்தில், அவள் பேசுகிற மாதிரியே:

8. பேட்டரி தட்டு, நாலு நட்டு
9. எர்த் பட்டை
10. ரேடியேட்டர் ரப்பர் ரெண்டு

சுவாரசியமாகத்தான் இருந்தது. எழுதிக்கொண்டே போனேன்.

30. கியர்பாக்ஸ் தாங்கி, ரெண்டு போல்ட்டு
31. எர்த் பட்டை

முப்பத்தொன்றின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு திருத்தக் குறிப்பு: ‘கூறியது கூறல். நீக்குக.’ அதற்குக் கீழே எல்லா எண்களும் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டிருந்தன.

பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான், சொன்னதையே திரும்பச் சொல்வது குற்றம் என்று. முப்பது வருடமாக அதில்தான் என் பிழைப்பு. ஒரே பக்கத்தில் ஒரே சொல் இரண்டு முறை வந்தால் என் கை தானாகக் கோடு போட்டுவிடும். கோடு போட்டபின் ஒரு பை மிஞ்சியது. உள்ளே அழகான பின்னல் பட்டை ஒன்று. உபரி என்று நினைத்து மாடிக்குக் கொண்டுவந்தேன்.

(ஆமாம். கணவர் நான்தான். முதல் அடிக்குறிப்பை வாபஸ் வாங்குகிறேன். உங்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கும்.)

இரண்டும் வேறு வேறு பட்டைகள். ஒன்பதாவது பேட்டரியையும் காரின் உடம்பையும் இணைப்பது. முப்பத்தொன்றாவது கியர்பாக்ஸையும் உடம்பையும் இணைப்பது. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒட்டிப் பிறந்தவை, ரப்பர் கட்டைகள் மேல் உட்கார்ந்திருக்கின்றன. ரப்பருக்குள் கரண்ட் போகாது. அந்தப் பட்டை இல்லாவிட்டால் ஸ்டார்ட்டருக்குப் போன மொத்தக் கரண்டும் சோக் கம்பி, ஆக்ஸிலேட்டர் கம்பி என்று கிடைத்த மெல்லிய கம்பிகளில் எல்லாம் புகுந்து, அவற்றைச் சுட்டுக்கொண்டுதான் திரும்ப வேண்டும். தம்பி சொன்னது சொன்னபடியே சரி.

மேசையைப் பார்த்தேன். என் அரைகுறைக் கதைகளை இறுக்கிப் பிடித்தபடி முப்பத்தொன்றாம் உருப்படி மின்னிக்கொண்டிருந்தது.

6

முடிவு, முதல் முயற்சி.

யாருக்கும் தெரியாமல் கணவர் பட்டையைப் பூட்டிவிடுகிறார். கார் கிளம்புகிறது. சுபம்.

காகிதத்தில் எழுதியதோடு நான் நிற்கவில்லை. மூன்று மணிக்கு அவள் குளிக்கப் போன நேரம், பட்டையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு காருக்கு அடியில் புகுந்தேன். அங்கேதான் என் மொத்தத் தொழிலறிவும் வெளிச்சமாயிற்று. மேலே முப்பது நாற்பது போல்ட்டுகள். எல்லாம் ஒரே முகம். எது எது என்று யாரைப் போய்க் கேட்பது? மூக்கில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தது. பக்கத்தில் ஒரு ஜோடிப் பாதம் வந்து நின்றது.

“அங்க என்னங்க பண்றீங்க?”

“கதைக்கு விவரம் சேகரிக்கிறேன்.”

“காருக்கு அடியிலயா?”

“அடி ஆழத்துக்குப் போனாத்தான் எழுத முடியும்.”

அவள் சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்தாள். தலை ஈரமாக இருந்தது. “கதையில நானும் வரேனா?”

“வர்றியே.”

“தம்பி?”

“வர்றாரு.”

அவள் பானெட்டில் தொங்கிய விளக்கை நிமிர்ந்து பார்த்தாள். “அவன் தப்புன்னு எழுதிடாதீங்க. அவன் போட்ட ஒயரை நேத்து முழுக்கப் பிரிச்சுப் பாத்துட்டேன். ஒரு இடத்துலயும் கருகல. தப்பு அவன் மேலன்னா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். இல்லன்னு தெரிஞ்சு போச்சே. வார்த்தையை விட்டுட்டேன். இப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவனைக் கூப்பிடுவேன்? நாளைக்கு வண்டி போனாப் போகுதுங்க. ஆள் போயிட்டானே.”

சட்டைக்குள் பட்டை நெஞ்சைக் குத்தியது. இதோ, சொல்லிவிட வேண்டிய நேரம். வாயைத் திறந்தேன்.

“டீ போடட்டுமா?” என்றேன்.

(வாசகரே, என்னைத் திட்டுங்கள். நானும் திட்டிக்கொண்டுதான் மாடி ஏறினேன்.)

முடிவு, இரண்டாம் முயற்சி.

கணவர் ஒயரிங் தம்பிக்குப் போன் போடுகிறார்.

போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

“என்ன மாமா, பட்டை கிடைச்சுதா?”

சட்டைக்குள் இருந்த பட்டையைத் தொட்டுப் பார்த்தேன்.

“போன வாரம் டீ குடிக்க மாடிக்கு வந்தப்ப உங்க மேசையில பாத்தேனே. ‘எழுத்துக்குக் கட்டுப்பாடு வேணும், அதான் இப்படிக் கட்டி வெச்சிருக்கேன்’னு நீங்ககூட சொன்னீங்க. அப்ப எனக்கு உறைக்கல. நேத்து சண்டை போட்டுட்டு வீட்டுக்கு வர்ற வழியிலதான் உறைச்சுது.”

“அப்பவே அக்காகிட்ட சொல்லியிருக்கலாமே தம்பி.”

“எப்படிச் சொல்றது? நான் தப்பிக்கறதுக்கு மாமாவை மாட்டிவிட்டேன்னு ஆயிடும். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் எதுக்கு? நீங்களே சொல்லிடுங்க.”

“நீங்க வந்துடுங்களேன். மூணு பேருமா உக்காந்து—”

“நீங்க கூப்பிட்டா வர மாட்டேன் மாமா. அக்கா கூப்பிடட்டும். நாளைக்குக் காலையில எட்டு மணி வரைக்கும் பையோட உக்காந்திருப்பேன்.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “கதை எழுதறீங்களாமே. அதுல நான் போன் எடுத்ததைப் போட்டுக்குங்க. என் விளக்கு அங்கயே இருக்கு, அதையும் போட்டுக்குங்க,” என்று சொல்லி வைத்துவிட்டார்.

போட்டாயிற்று தம்பி, இரண்டையும்.

7

மணி ஐந்தேகால். கீழே அவள் மூன்றாவது சோக் கம்பியை மாட்டும் சத்தம் கேட்கிறது. இதுவும் புகையத்தான் போகிறது.

மூன்றாவது முடிவு ஒன்று எழுதலாமா என்று பார்த்தேன். கணவர் படியிறங்கிப் போய், அவள் கண்ணைப் பார்த்து,

(இல்லை. அந்த ஆளால் ஆகாது. டீ போடட்டுமா என்று கேட்டுவிட்டு வந்துவிடுவார். அவரை எழுதியவன் நான், எனக்குத் தெரியாதா?)

எனவே வாசகரே, இத்தனை நேரம் ‘நீங்கள்’ என்று உங்களை மரியாதையாக அழைத்து வந்தேன். இனி முடியாது. இதற்கு ஒரு பிரதிதான், வாசகரும் ஒருத்திதான். அது நீ.

இந்தத் தாள்களைச் சுருட்டி, உன் கருவிப்பெட்டி மேல், தம்பியின் விளக்குக்குப் பக்கத்தில் வைக்கப் போகிறேன். என்னிடம் இருந்ததிலேயே நல்ல பட்டையால் கட்டியிருக்கிறேன். அவிழ்க்கப் பதிமூன்றாம் நம்பர் ஸ்பானர் வேண்டும், அது உன் பையிலேயே இருக்கும். பட்டையைப் பார்த்த அந்த நொடியே உனக்கு எல்லாம் புரிந்துவிடும். அது எந்த போல்ட்டில் போக வேண்டும் என்பதும் உனக்குத் தெரியும். தாள்களை அப்படியே தரையில் போட்டுவிட்டுக் காருக்கு அடியில் புகுந்தாலும் புகுவாய். புகு. முப்பது வருடத்தில் நான் எழுதியவற்றில் உருப்படியாக ஒரு வேலைக்கு ஆனது இதுவாகத்தான் இருக்கும், அதுவும் படிக்கப்படாமலே.

ஒருவேளை படித்தால், தப்பு என் மேல். தம்பி மேல் இல்லை, உன் மேலும் இல்லை. தப்பு என் மேல். இதை இரண்டு முறை வேண்டுமென்றேதான் எழுதினேன். யாரும் கோடு போட வேண்டாம்.

முடிவை நான் எழுதப் போவதில்லை. மாடியில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். முதலில் எது கேட்கும் என்று தெரியவில்லை. எஞ்சின் கிளம்பும் சத்தமா, போனில் நீ, “தம்பி, அக்கா பேசறேன்,” என்பதா, இல்லை, “என்னங்க, கொஞ்சம் கீழ வாங்க,” என்ற குரலா?

எதற்கும் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.